படித்துக் காட்டப்பட்டது

அந்த ஃபைலை மூடிப் பையில் வையுங்கள் சார். இங்கே ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எதையும் கேட்கமாட்டார்கள். முதல் தடவை வருகிறவர்கள் எல்லோரும் ஒரு ஃபைலோடுதான் வருகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். என்னுடையதில் சர்க்கரை அளவும் ஓய்வூதிய உத்தரவின் நகலும் இருந்தன. ஓய்வூதிய உத்தரவு எதற்கு என்று கேட்காதீர்கள். எந்த இடத்துக்குப் போனாலும் அதில் ஒரு நகல் கையில் இருப்பது நல்லது.

டாக்டரம்மா நல்லவரா என்றுதானே கேட்டீர்கள். முதலில் ஒரு திருத்தம். அவர் டாக்டர் இல்லை, மனநல ஆலோசகர். மருந்து எழுதமாட்டார். பெனாசிர் மேடம் என்று கூப்பிடலாம். நல்லவர்தான். ஆனால் இந்தத் துறையில் நல்லவர் என்பது மட்டும் போதுமான தகவல் ஆகாது. எந்த வழிக்காரர் என்று கேட்க வேண்டும். வைத்தியத்தில் சித்தா, ஆயுர்வேதம், அலோபதி இருக்கிற மாதிரி இதிலும் பல வழி உண்டு. ஒருவருக்கொருவர் ஒத்துப்போகாது. நான் மூன்று வழி பார்த்துவிட்டு நான்காவதாக இங்கே வந்தவன். குறையாகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன். உள்ளே என் மனைவி இருக்கிறாள். அவள் வெளியே வர அரை மணி ஆகும். அதுவரை உங்களுக்கும் வேலை இல்லை, எனக்கும் இல்லை.

என் பெயர் ஞானசிகாமணி. ஜில்லா கோர்ட்டில் முப்பத்தோரு வருஷம் சுருக்கெழுத்தர். நான் பேசுவது அச்சடித்தது மாதிரி இருக்கிறது என்று என் மனைவி சொல்வாள். தொழில் கோளாறு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோர்ட்டில் சாட்சி பேசுவதை அப்படியே எழுதிக்கொள்வார்கள் என்றுதான் வெளியே எல்லோரும் நினைக்கிறார்கள். எங்கள் கோர்ட்டில் அப்படி இல்லை. சாட்சி கூண்டில் ஏறிப் பத்து நிமிஷம் பேசுவார். நீதிபதி அதைக் கேட்டுவிட்டு ஒரு வாக்கியமாக்கிச் சொல்வார். நான் அந்த வாக்கியத்தைத்தான் எழுதுவேன். ஒரு அம்மா வந்து, 'ஐயா, எம் புள்ள கெடந்த கெடப்ப எந்தத் தாயும் பாக்கக் கூடாதுய்யா' என்று மாரில் அடித்துக்கொள்வாள். நீதிபதி, 'நான் சென்று பார்த்தபோது என் மகன் இறந்து கிடந்தான்' என்பார். அது ஏட்டில் ஏறும். கடைசியில் 'படித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொண்டார்' என்று முடிப்போம். அந்த அம்மா கைநாட்டு வைத்துவிட்டு இறங்கிப் போவாள். அழுதது ஏட்டில் வராது. 'சாட்சி அழுகிறார்' என்று நீதிபதி வாயால் சொன்னால்தான் வரும். என் சர்வீஸில் நான்கு தடவை சொன்னார்கள். தேதி வேண்டுமானால் சொல்கிறேன்.

சரி, என் விஷயம். எனக்கு ஒரே மகள், ஜெமிமா. சென்னையில் வேலை, பெண்கள் விடுதியில் இருந்தாள். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், நவம்பர் மாசம், டெங்குவில் போய்விட்டாள். இருபத்தைந்து வயது. நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம் சார். இந்த இடம் வந்ததும் எல்லோரும் ஏதாவது சொல்கிறார்கள், பதிலுக்கு நான் 'பரவாயில்லை' என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

அடக்க ஆராதனை இருபத்திரண்டு நிமிஷம் நடந்தது. சபைப் போதகர், நாங்கள் ஐயர் என்போம், இரண்டு பாட்டு அறிவித்துவிட்டு ஒன்றுதான் பாடவைத்தார். அதைக் கவனித்தவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். 'ஞானசிகாமணி திடமா இருக்காரு' என்று சபையில் பேசிக்கொண்டார்கள். திடமும் இல்லை ஒன்றும் இல்லை. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போடுவார்கள் அல்லவா? உதட்டைத் தொட்டால் விரலுக்குத் தெரியும், உதட்டுக்குத் தெரியாது. அந்த மாதிரி. ஊசி அன்று போட்டது, இன்னும் இறங்கவில்லை. சாப்பாட்டில் உப்பு கூடியதா குறைந்ததா என்று நான் சொல்வதே இல்லை. முன்பெல்லாம் கட்டாயம் சொல்வேன்.

என் மனைவி கிருபாவதிக்கு அப்படி இல்லை. அவளிடம் ஒரு கேள்வி இருந்தது.

அதாவது, அந்த வாரம் புதன்கிழமை சாயந்திரம் ஜெமி போன் பண்ணினாள். காய்ச்சல் மூன்றாம் நாள். அவள் அம்மா அன்று நாசரேத்தில் தன் தம்பி வீட்டில், அவன் பேரப்பிள்ளையின் ஞானஸ்நானம். கோயிலுக்குள் இருந்ததால் போனைப் பைக்குள் போட்டுவிட்டாள். அதனால் பிள்ளை எனக்குப் போட்டாள். பதினான்கு நிமிஷம் பேசினோம். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி, சனிக்கிழமை விடியுமுன் முடிந்துவிட்டது.

'பிள்ளைட்ட நீங்க என்ன சொன்னீங்க?' இதுதான் கிருபாவின் கேள்வி. அடக்கம் முடிந்து பத்தாம் நாள் கேட்டாள். ஆறுதலாக நாலு வார்த்தை சொன்னேன், கஞ்சி குடிக்கச் சொன்னேன், மாத்திரை போடச் சொன்னேன் என்றேன். 'அது இல்ல. அவ என்ன கேட்டா, நீங்க என்ன சொன்னீங்க?' என்றாள். அப்புறம் வாரம் ஒருமுறை. அப்புறம் தினம். கோபமாகக் கேட்கமாட்டாள். சாதம் போட்டுவிட்டு, கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, மெதுவாகக் கேட்பாள்.

நான் சொல்வேன், ஞாபகம் இல்லை என்று.

'நோட்டு இருக்குல்லா' என்பாள்.

இருக்கிறது. அதை உங்களுக்கு விளக்க வேண்டும். ரிட்டையர் ஆன பிறகும் என் கை சும்மா இருக்காது. போன் மணி அடித்தால் இடது காதில் போன், வலது கையில் பென்சில். மின்சார வாரியமானாலும் மச்சினனானாலும் எதிரே பேசுவது முழுவதும் சுருக்கெழுத்தில் ஏறிவிடும். கோடும் புள்ளியுமாக இருக்கும், என்னைத் தவிர யாருக்கும் படிக்க வராது. என் மச்சினன், 'அத்தான்கிட்ட பேசினா ஜாமீன் எடுத்துட்டுப் பேசணும்' என்பான். ஜெமி பேசியதும் ஏறியிருக்கிறது. ஆரம்பித்த நேரம் 6.10, முடித்த நேரம் 6.24.

ஆனால் அவள் பேசியது மட்டும்தான். நான் பேசியது இருக்காது. சுருக்கெழுத்தர் தன் பேச்சை எழுதுவது கிடையாது. முப்பத்தோரு வருஷத்தில் எந்த ஏட்டிலும் நான் இல்லை. இதைச் சொன்னேன். 'அப்ப அவ பேசினதையாவது வாசிங்க' என்றாள். மாசங்கள் ஆகிவிட்டன, குறிப்பு ஆறிப்போய்விட்டது, உடனே பெயர்த்தெழுதாமல் ஆறின குறிப்பைப் படிப்பது கஷ்டம் என்றேன். அது ஓரளவு உண்மை.

ஒரு நாள் காலையில் இரண்டு பையைக் கட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டாள். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, 'சண்டை போட்டுட்டுப் போகல. நீங்க அத சொல்லுத அன்னைக்கு வாரேன்' என்றாள். அவளுக்கு நாசரேத் பஸ் எத்தனை மணிக்கு என்று நான்தான் பார்த்துச் சொன்னேன்.

நான் என்ன முடிவெடுத்தேன் என்றால், நான் நல்ல மனநிலையில்தான் இருக்கிறேன் என்று தகுதியுள்ள ஒருவரிடம் சான்றிதழ் வாங்கி அனுப்பிவிட்டால் விவகாரம் முடிந்துவிடும். சிரிக்காதீர்கள் சார். சான்றிதழால் முடியாத விவகாரத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

முதலில் போனவர் இதே ஊர், வண்ணார்பேட்டைக்காரர். பெயர் வேண்டாம். அவர் வழி, கேட்கிற வழி. கேள்வி கேட்கமாட்டார், புத்தி சொல்லமாட்டார். நாம் சொன்னதை நமக்கே திருப்பிச் சொல்வார். நான், 'மனைவி ஊருக்குப் போய்விட்டாள்' என்றேன். அவர் கண்ணை மூடித் திறந்து, 'மனைவி இல்லாத வீடு உங்களுக்குப் பாரமா இருக்கு' என்றார். சார், பாரம் என்ற வார்த்தையை நான் உபயோகிக்கவில்லை என்றேன். 'வார்த்தை சரியா வரணும்ங்கிறது உங்களுக்கு முக்கியம்' என்றார். இது எனக்கு மிகவும் பழகின இடமாக இருந்தது. நான் பேச, அவர் வாக்கியமாக்க. ஆறு வாரம் போனேன். கடைசியில் 'படித்துக் காட்டப்பட்டது' என்று கையெழுத்து வாங்காததுதான் பாக்கி. சான்றிதழ் கேட்டேன். 'சான்றிதழ் கிடைச்சா நிம்மதின்னு நினைக்கிறீங்க' என்றார்.

இரண்டாவது ஒரு சின்னப் பெண், மகாராஜநகரில். அது பட்டியல் வழி. ஒரு தாள் கொடுப்பார்கள், கட்டம் போட்டது. என்ன நடந்தது, என்ன நினைத்தீர்கள், என்ன உணர்ந்தீர்கள், அது நூற்றுக்கு எவ்வளவு, அந்த நினைப்புக்கு ஆதாரம் என்ன, எதிரான ஆதாரம் என்ன. இது குறுக்கு விசாரணையேதான். எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வீட்டில் அளவுகோல் வைத்துப் புதிதாகக் கட்டம் போட்டு நிரப்பிக்கொண்டு போவேன். உணர்வு என்ற கட்டத்தில் மட்டும் 'இல்லை' என்று எழுதினேன். 'ஏதாச்சும் நம்பர் போடணும் சார்' என்றாள். பூஜ்யம் போட்டேன். தினமும் பூஜ்யம். 'மகள் விஷயத்தில் நான் தவறு செய்தேன்' என்று ஒரு நினைப்பை அவளே எழுதிக்கொடுத்து ஆதாரம் கேட்டாள். எதிரான ஆதாரம் பதினொன்று எழுதினேன். சந்தேகத்தின் பலனை அளித்து என்னை நானே விடுதலை செய்தேன். அவள் என் தாளை மேலிருந்து கீழாகப் பார்த்துவிட்டு, 'சார், உங்களுக்கு இறங்குறதுக்கு இடமே இல்லையே' என்றாள். பூஜ்யத்திலிருந்து எங்கே இறங்குவது? நியாயமான கேள்வி.

மூன்றாமவர் மதுரையில், வயசானவர். மாவட்ட நூலகத்தில் இந்தத் துறையில் இருக்கிற புத்தகம் எல்லாவற்றையும் அதற்குள் நான் படித்திருந்தேன். அவர் வழிதான் எல்லாவற்றுக்கும் மூத்த வழி. சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு வாயில் வந்ததைப் பேச வேண்டும், அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பார். எதைச் சொன்னாலும் சிறுவயதுக்குப் போய்விடுவார். அப்பா அடிப்பாரா, அம்மா எத்தனை வயசு வரை பால் கொடுத்தாள். வீடு வாங்குமுன் முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் பார்ப்பார்களே, அந்த முறை. அதிலும் நியாயம் இருக்கிறது. நான்காம் தடவை பேசிக்கொண்டிருக்கும்போது தலைமாட்டில் குறட்டை கேட்டது. நான் நிறுத்தவில்லை. ஐம்பது நிமிஷம் முடிகிறவரை பேசிவிட்டு எழுந்து வந்தேன். குறையாகச் சொல்லவில்லை. மத்தியான நேரம், ஃபேன் காற்று.

இதற்குள் கிருபா போய் எட்டு மாசம் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் பண்ணுவேன். மருந்து போட்டாளா, மச்சினன் முழங்கால் எப்படி. அவள் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, கடைசியில், 'பிள்ளைட்ட என்ன சொன்னீங்க?' என்பாள். நான், 'சரி, வைக்கிறேன்' என்பேன். அதுவும் நோட்டில் இருக்கிறது, முப்பத்துநான்கு ஞாயிற்றுக்கிழமை. அவள் பக்கம் மட்டும்.

பெனாசிர் மேடத்திடம் போகச் சொன்னது என் பல் டாக்டர். இவர் வழி குடும்ப வழி, கொஞ்சம் நாடக வழியும் கலந்தது. இரண்டாம் தடவையே ஒரு காலி நாற்காலியை என் எதிரே இழுத்துப் போட்டார். 'இதுல ஜெமிமா இருக்காங்கன்னு வச்சுக்கோங்க சார். சொல்லணும்னு இருக்கிறத சொல்லுங்க' என்றார். புத்தகத்தில் படித்திருக்கிறேன், எனக்கு நம்பிக்கை கிடையாது. எதிர்த்தரப்பு ஆஜராகாமல் நடத்துகிற விசாரணைக்கு எக்ஸ்பார்ட்டி என்று பெயர், அதில் வாங்கின தீர்ப்பு நிற்காது என்றேன். 'நிக்காட்டி போகுது சார், சும்மா உக்காருங்க' என்றார்.

உட்கார்ந்தேன். பச்சை பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கை விரிசல். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தேன், நோட்டை எடுத்து மடியில் வைத்துத் தேதி போட்டேன்.

'என்ன சார் செய்யுறீங்க?' என்றார்.

'அவள் ஏதாவது சொன்னால் எழுத வேண்டுமே' என்றேன்.

மேடம் தன் பேனாவை மூடிக் கீழே வைத்தார். நான் ஏதோ தவறாகச் செய்துவிட்டேன் போல. பிறகு, 'எப்பவும் எழுதுவீங்களா சார்?' என்று கேட்டார். போன் விஷயம், புதன்கிழமை, 6.10, எல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது. மற்ற மூன்று பேரும் நோட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. கேட்டால்தானே சொல்ல முடியும்? கேட்காததைச் சாட்சி சொல்லக் கூடாது.

மேடம் கிருபாவுக்குப் போன் பண்ணிப் பேசி வரவழைத்தார். இரண்டு மாசம் ஆகிறது. அந்த அறையில்தான், கிருபா ஜன்னல் ஓரம், நான் இந்தப் பக்கம். நான் ஜெமி பேசியதை வாசித்தேன். ஆறிப்போன குறிப்பு என்றேனே, அப்படி ஒன்றும் கஷ்டமாக இல்லை. 'அப்பா, சாப்டாச்சா. அம்மா எடுக்கல. எனக்கு இன்னும் விடலப்பா, நூத்திரண்டு இருக்கு. கண்ணு பின்னால வலிக்கி. கேக்கீங்களாப்பா.' இப்படிப் போகும். 'கேக்கீங்களாப்பா' என்பது ஐந்து இடத்தில் வருகிறது. எழுதிக்கொண்டிருந்தேன் அல்லவா, உம் கொட்ட விட்டுப்போயிருக்கும். 'ஹாஸ்டல்ல கஞ்சி தாராங்க, புளிக்கி. எனக்கு உங்கள எல்லாம் பாக்கணும் போல இருக்கு. நாளைக்கு வண்டி ஏறி வரட்டாப்பா?'

கிருபா, 'அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?' என்றாள்.

'என் பேச்சு பதிவில் இல்லை' என்றேன். மேடம் கையைக் காட்டி, மேலே வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். 'அம்மாகிட்ட சொல்லிருங்க, பயப்படப் போறா. சாயந்திரம் குளிச்சது தப்போ என்னமோ. சரிப்பா, வைக்கட்டா.' முடிந்தது. அவள் பேசியதை வாசிக்கப் பதினோரு நிமிஷம் ஆயிற்று. மீதி மூன்று நிமிஷம் நானாக இருக்க வேண்டும்.

கிருபா நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'அவ்வளவுதானா?' என்றாள்.

'அவ்வளவுதான்.'

'வேற ஒண்ணும் இல்லியே.'

'இல்லை.'

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, 'சரி. வியாழக்கிழமை துணிய எடுத்துட்டு வாரேன்' என்றாள். வந்துவிட்டாள். இப்போது வீட்டில்தான் இருக்கிறாள். சாதம் போடுகிறாள், ஜெபம் பண்ணுகிறாள், மாசம் இரண்டு தடவை இரண்டு பேருமாக இங்கே வருகிறோம். அந்தக் கேள்வியை அப்புறம் கேட்கவே இல்லை. ஒரு தடவைகூட. நிம்மதியாக இருக்க வேண்டும் அல்லவா, எனக்கு என்னவோ அது சரியாகப் படவில்லை. கரண்டியைக் கீழே வைக்கும்போதெல்லாம் கேட்பாள் என்று இருக்கிறது. கேட்பதில்லை.

உங்களிடம் சொல்வதில் ஒன்றும் இல்லை, நீங்கள் யாரோ, நான் யாரோ. ஒரு வரியைத் தாண்டிவிட்டேன் சார். முப்பத்தோரு வருஷத்தில் படித்துக் காட்டும்போது ஒரு வரி தாண்டினது கிடையாது. 'வரட்டாப்பா' என்று கேட்டாள் இல்லையா, அதற்கு அடுத்த வரி. 'சரிப்பா. நீங்க சொல்லுததும் சரிதான், லீவு வேஸ்ட் ஆக வேண்டாம். ஞாயித்துக்கிழமையே வாரேன்.' இதுதான் வரி. என் பேச்சு பதிவில் இல்லை என்று நான் சொன்னது, பார்க்கப்போனால், சரியில்லை. நான் அதில் இருக்கிறேன். என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

அந்த வியாழக்கிழமையே புறப்பட்டு வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டால், தெரியாது. டாக்டர்களிடம் கேட்டேன், அவர்களும் தெரியாது என்கிறார்கள். எதிரான ஆதாரம் பதினொன்றில் அதுதான் முதலாவது. ஞாயிற்றுக்கிழமைக்கு அவளுக்கு டிக்கெட்கூடப் போட்டுவிட்டேன், கீழ் பெர்த்.

என்ன கேட்டீர்கள்? விடுதியில் அவளோடு யார் இருந்தார்கள் என்றா? கௌசிகா என்று ஒரு ஈரோட்டுப் பெண். ஒரே அறை. போன் பேசும்போது பக்கத்துக் கட்டிலில்தான் இருந்திருக்கிறாள். ஜெமி நடுவில், 'கௌசி, அந்தப் போர்வைய இங்க தள்ளு' என்கிறாள், அதையும் எழுதியிருக்கிறேன். அந்தப் பெண்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது. அடக்கத்துக்கு வந்து ஒரு வாரத்துக்கு மேல் எங்கள் வீட்டில் தங்கினாள். கிருபாவை விட்டு அசையவில்லை. இரண்டு பேரும் அடுக்களையில் தரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பார்கள். நான் தண்ணீர் குடிக்கப் போனால் பேச்சு நின்றுவிடும். பெண்கள் பேச்சு என்று திரும்பி வந்துவிடுவேன். அவள் ஊருக்குப் போனது ஒன்பதாம் நாள். இல்லை, ஒன்பதாம் நாள் காலை.

கிருபாவின் கேள்வி பத்தாம் நாள்.

அது கேள்விச் சாட்சியம் சார். ஒருவர் சொன்னதாக இன்னொருவர் சொல்வது. கோர்ட்டில் ஏற்கமாட்டார்கள்.

கோர்ட்டில்.

குறுக்கு விசாரணையில் தேர்ந்த வக்கீல் பதில் தெரியாத கேள்வியைக் கேட்கவே மாட்டார். எதிரே உட்கார்ந்து எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். கேட்பதற்கு முன்பே பதில் அவர் கேஸ் கட்டுக்குள் இருக்கும். சாட்சியின் வாயால் வர வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. கிருபா ஒன்றரை வருஷத்தில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். வார்த்தைகூட மாற்றவில்லை.

அப்படியானால் எதற்காகத் திரும்பி வந்தாள்? தெரிந்தே எதற்காக வந்து எனக்குச் சாதம் போடுகிறாள்?

கதவு திறக்கிறது. அவள்தான்.

'உங்களக் கூப்பிடுதாங்க. யாருட்ட இவ்வளவு நேரமா பேசுதீங்க, பாவம் அவரு தூங்கி வழியுதாரு.'

சார், என் முறைக்கு நீங்கள் உள்ளே போங்கள். இல்லை, பரவாயில்லை, போங்கள். மேடம் கேட்டால் நான் இங்கே வெளியில்தான் இருக்கிறேன் என்று சொல்லுங்கள்.

கிருபா, இங்கே உட்கார். உட்காரேன். அந்தப் புதன்கிழமைப் பக்கத்தில் ஒரு வரி விட்டுவிட்டேன். என் கண்ணாடியைத் தேடாதே, அது வேண்டாம். அந்த வரி எனக்குப் பார்க்காமலே வரும்.